ரேடியோவுக்கு தர்மகர்த்தா யார்?

(பெண்ணாடம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ரேடியோவும் டெலிவிஷனும். சாமியைப் பற்றிப் பேசுவோம், சாதியைப் பற்றிப் பேசுவோம், புராணத்தைக் கிழிப்போம் என்று எதிர்பார்த்து வந்த தோழர்களுக்கு இது சப்பென்றிருக்கலாம். அவர்கள் கொஞ்சம் பொறுமையாய் உட்கார்ந்திருந்தால், அந்தச் சரக்கெல்லாம் இந்த மூட்டைக்குள்ளும் இருப்பதைக் காண்பார்கள்.

இந்த ஊர் பிரளயகாலேசுவரர் கோவிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் உங்களில் எல்லோரும் பதில் சொல்வீர்கள். நிலம் எங்கே இருக்கிறது, குத்தகை யார் எடுத்திருக்கிறார், தர்மகர்த்தா யார், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் காலையில் எழுந்தவுடன் உங்கள் வீட்டுக்குள் வந்து பேசுகிறதே, திருச்சி வானொலி, சென்னை வானொலி, தூர்தர்ஷன் என்பவை, அவற்றிற்குப் பணம் யார் கொடுப்பது? தர்மகர்த்தா யார்? அங்கே எந்த மொழிக்கு முதல் மரியாதை? அதை முடிவு செய்கிறவன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறான்? இதை யோசித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கல்லுக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு, நம் காதுக்குக் கணக்குக் கேட்கத் தெரியவில்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லுகிறோம்.

இந்நாட்டில் ரேடியோவைச் சர்க்கார் கொண்டுவரவில்லை. சென்னையில் 1924ஆம் வருஷத்தில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் கூடி, சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று ஒன்று வைத்து, தங்கள் சொந்தக் காசில் ஒலிபரப்பினார்கள். 1927இல் காசு தீர்ந்தது, கிளப் நின்றது. கருவியைச் சென்னை நகரசபைக்குக் கொடுத்துவிட்டார்கள். நகரசபை 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி, ரேடியோப் பெட்டி வாங்க வகையில்லாத ஜனங்களுக்கும் பாட்டும் பேச்சும் கேட்கும்படி செய்தார்கள். குப்பை வாருவதும் விளக்கு ஏற்றுவதும் எப்படி நகரசபையின் வேலையோ, அப்படியே ரேடியோவும் ஊராருக்குச் செய்யவேண்டிய வேலை என்று அவர்கள் நினைத்தார்கள். எட்டு வருஷம் நடந்தது. இதை எந்தப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் நாம் பார்த்ததில்லை.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927இல் ஒரு தனியார் கம்பெனி ரேடியோ நடத்த வந்தது. பெட்டி வைத்திருப்பவன் வருஷத்திற்கு 10 ரூபாய் லைசென்சு கட்டவேண்டும். அதில் பெரும் பங்கு கம்பெனிக்கு. நாட்டில் எட்டாயிரம் பேர்கூட லைசென்சு எடுக்கவில்லை. மூன்றே வருஷத்தில் கம்பெனி கடையைக் கட்டிற்று. 1930இல் சர்க்கார் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே நஷ்டம் என்று மூடப்போவதாகச் சொன்னார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டதும் மூடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ரேடியோப் பெட்டிக்குச் சுங்கவரியை ஏற்றிச் சரிக்கட்டினார்கள். 1936இல் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். 1938 ஜூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் வந்தன. நகரசபை ரேடியோ அத்துடன் முடிந்தது.

அந்த 1938 ஜூன் மாதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பக்கம் சென்னையில் ரேடியோ நிலையம் திறக்கிறார்கள். அதே மாதத்தில் பள்ளிக்கூடங்களில் கட்டாய ஹிந்தி கூடாதென்று மறியல் தொடங்குகிறது. ஊரெல்லாம் ஊர்வலம், சிறை. 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் விட்டார்கள். 1940 பிப்ரவரியில் ஹிந்தி உத்தரவு வாபசாயிற்று. பள்ளிக்கூட வாசலில் நாம் விரட்டிய ஹிந்தி, பிறகு ரேடியோப் பெட்டி வழியாகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்திற்கு வாசல் உண்டு, மறியல் செய்யலாம். காற்றுக்கு எந்த வாசலில் மறியல் செய்வது?

லைசென்சு முறை 1980களின் நடுப்பகுதிவரை இருந்தது. இங்கே வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். தபாலாபீசுக்குப் போய் 15 ரூபாய் கட்டிப் புத்தகத்தில் முத்திரை போட்டுக்கொண்டு வரவேண்டும். இரண்டு மூங்கிலை நட்டு, நடுவே கம்பி இழுத்து, அந்தக் கம்பிக்கு நம் விருத்தாசலத்துப் பக்கத்துப் பீங்கான் கட்டை போட்டு ஏரியல் கட்டிய காலம் அது. ஏரியல் தெரிந்தால் லைசென்சு கேட்பார்கள் என்று அதை மாட்டுக் கொட்டகைக்குள் மறைத்துக் கட்டிய கெட்டிக்காரர்களும் உண்டு. லைசென்சை எடுத்துவிட்டபோது ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆலை முதலாளிக்கும் கரும்பு வெட்டுகிற கூலிக்காரனுக்கும் ஒரே 15 ரூபாய் என்பது நியாயமல்லதான். ஆனால் அதோடு இன்னொன்றும் போயிற்று என்பதைத்தான் நாம் சொல்ல வருகிறோம். ரசீது கையில் இருந்தவரை, “நான் பணம் கட்டியவன், எனக்கு இது வேண்டும்” என்று கேட்கலாம். இப்போது ரசீது இல்லை. ஆனால் பணம் மட்டும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். செருப்பு வாங்கும்போதும், தீப்பெட்டி வாங்கும்போதும் கட்டுகிற வரியெல்லாம் தில்லிக்குப் போய், அங்கிருந்து வருஷந்தோறும் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பிரசார் பாரதி என்கிற ஸ்தாபனத்துக்கு மானியமாகப் போகிறது. 2023 ஜனவரியில், சாதனங்களைப் புதுப்பிக்க என்று தனியாக 2,539 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கும் மந்திரிசபை அனுமதி கொடுத்தது. இதெல்லாம் யார் வீட்டுப் பணம்? கொடுப்பவன் நாம், பிச்சை போடுவதுபோல் எடுத்துப் போடுகிறவன் தில்லி மந்திரி, வாங்குகிறவன் மந்திரியின் முகத்தைப் பார்ப்பானா, நம் முகத்தைப் பார்ப்பானா?

இப்போது தர்மகர்த்தா விஷயத்திற்கு வருவோம்.

1975இல் நெருக்கடி நிலை வந்தபோது ரேடியோ என்ன பாடு பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆல் இந்திரா ரேடியோ என்றே ஜனங்கள் அதைக் கேலி செய்தார்கள். அது முடிந்ததும் வர்கீஸ் கமிட்டி என்று போட்டார்கள். அது 1978இல், சர்க்கார் கையில் சிக்காத ஒரு டிரஸ்டு வேண்டும் என்றது. அதற்கு முன் 1966இல் சந்தா கமிட்டியும் கார்ப்பொரேஷன் வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தது. எதுவும் நடக்கவில்லை. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேற்றினார்கள். நிறைவேற்றி என்ன செய்தார்கள்? ஏழு வருஷம் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 1995இல் உச்சநீதிமன்றம், ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், ஆகாயத்தில் போகிற அலை பொதுமக்கள் சொத்து, அது சர்க்காருக்கும் சொந்தமல்ல, முதலாளிக்கும் சொந்தமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. 1997இல்தான் சட்டம் அமலுக்கு வந்தது.

வந்த சட்டத்தின் யோக்கியதை என்ன? தலைவரையும் அங்கத்தினர்களையும் பொறுக்குகிறவர்கள் மூன்று பேர்: ராஜ்ய சபைத் தலைவர், பத்திரிகைக் கவுன்சில் தலைவர், ஜனாதிபதி நியமிக்கும் ஒருவர். மூவரும் எந்த ஊர்? பணம் மத்திய சர்க்கார் மானியம். மத்திய சர்க்கார் தன் அபிப்பிராயப்படி உத்தரவு போடவும் சட்டத்தில் இடமுண்டு. ஜனங்களின் புகாரை விசாரிக்க ஒரு கவுன்சில் என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. பெண்ணாடத்திலிருந்து யாராவது அந்தக் கவுன்சிலுக்கு ஒரு கார்டாவது எழுதியதுண்டா? அப்படி ஒன்று உண்டென்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு இதில் ஏதாவது பேச்சு உண்டா என்றால், இல்லை. ஒலிபரப்பு, அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில், 31ஆம் இனமாக இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை சொல்லுகிறோம், கேளுங்கள். வெள்ளைக்காரன் போட்ட 1935ஆம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தில் 129ஆவது பிரிவு ஒன்று இருந்தது. மாகாண சர்க்கார்கள் தாங்களே ஒலிபரப்பு நிலையம் அமைக்கவும், நடத்தவும், கட்டணம் வாங்கவும் கேட்டால், மத்திய சர்க்கார் நியாயமில்லாமல் மறுக்கக்கூடாது என்பது அந்தப் பிரிவு. அந்நியன் காகிதத்திலாவது எழுதி வைத்த அந்த உரிமை, சுயராஜ்யத்து அரசியல் சட்டத்தில் காணோம். எந்தக் கணக்கில் எழுதுவது இதை?

சரி, தர்மகர்த்தா தில்லியில் இருக்கிறார். முதல் மரியாதை யாருக்கு நடக்கிறது என்று பாருங்கள். சட்டத்தில் எல்லா மொழிக்கும் பண்பாட்டுக்கும் போதிய இடம் கொடுக்கவேண்டுமென்று அழகாக எழுதியிருக்கிறது. நடப்பது என்ன? முதலில் பெயர். தமிழன் வானொலி என்று அழகான பெயர் வைத்திருக்கிறான். ஒரு குழந்தையைக் கேட்டாலும் பொருள் சொல்லும். தில்லியில் 1957 முதல் ஆகாசவாணி என்று வைத்துக்கொண்டார்கள். மைசூரில் 1935இல் கோபாலசாமி என்பவர் தனியாக நடத்திய நிலையத்தின் பெயர் அது. தில்லியிலிருந்து வாசித்த தமிழ்ச் செய்தியே அந்தப் பெயரைச் சொல்லித்தான் தொடங்கும். சரோஜ் நாராயணசாமி அம்மையாரின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். 2023 மே மாதம், இனி எங்கும் ஆகாசவாணி என்றே சொல்லவேண்டும், ஆல் இந்தியா ரேடியோ என்று சொல்லக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். இங்கிலீஷ் பெயர் போனதில் நமக்கு வருத்தமில்லை. போன இடத்தில் யாரை உட்கார வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்தது 2020 நவம்பர். மாநில மொழித் தூர்தர்ஷன்கள் எல்லாம், தில்லியிலிருந்து வரும் 15 நிமிஷச் சமஸ்கிருதச் செய்தியைத் தினமும் காட்ட வேண்டுமென்று உத்தரவு. தமிழ்த் தூர்தர்ஷனும் அதில் அடக்கம். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், சமஸ்கிருதம் தன் தாய்மொழி என்று சொன்னவர்கள் இந்தியா முழுவதும் 24,821 பேர். தமிழ் என்று சொன்னவர்கள் சுமார் 6 கோடியே 90 லட்சம். தினம் 15 நிமிஷம் என்றால் வருஷத்திற்கு 91 மணி நேரம் ஆகிறது. இந்தப் பெண்ணாடத்தில் அந்தச் செய்தியைக் கேட்டு, இன்றைக்கு வெள்ளாற்றில் தண்ணீர் வருமா என்று தெரிந்துகொள்கிறவன் யார்? அர்ச்சகருக்காவது புரியுமா என்று அவரையே கேட்டுப் பாருங்கள். வழக்குப் போட்டதற்கு, வேண்டாதவர்கள் வேறு சானல் பார்க்கலாமே என்று பதில் வந்தது. பணம் கட்டும்போது இப்படி வேறு இடத்தில் கட்டிக்கொள்ள நமக்கு வழி உண்டா?

1987 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் ராமாயணம் போட்டார்கள். எங்கே? சர்க்கார் தூர்தர்ஷனில். எந்த மொழியில்? ஹிந்தியில். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாஷை புரியாமலே நம் ஜனங்களும் குளித்து முழுகி, டெலிவிஷன் பெட்டிக்கு மாலை போட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுவார்கள். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 51-ஏ என்று புதிதாகச் சேர்த்த நாடு இது. சேர்த்துப் பதினொரு வருஷத்தில், குரங்கு கடல் தாண்டுவதைப் பொதுப்பணத்தில் காட்டியாயிற்று. 2020இல் ஊரடங்கில் ஜனங்கள் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்தபோது, நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளத் துடித்த அந்த நாளில், மறுபடியும் அதே ராமாயணம்.

2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷனில் ஹிந்தி மாத நிறைவு விழா. தமிழ்நாட்டில், தமிழ் நிலையத்தில், ஹிந்திக்கு ஒரு மாதம். அந்த விழாவில் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தில், திராவிடம் என்ற சொல் வருகிற வரி மட்டும் காணாமற் போயிற்று. கவனக்குறைவு என்று நிலையத்தார் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டதை நாமும் ஏற்றுக்கொள்ளுவோம். ஆனால் கவனம் தவறுகிறபோதெல்லாம் ஒரே பக்கமாகத் தவறுவது ஏன்?

“நீங்கள் ஹிந்திக்கு விரோதி, அதனால் இப்படிப் பேசுகிறீர்கள்” என்பார்கள். ஒரு சங்கதி சொல்லுகிறோம். 1940களில் தில்லி ரேடியோவின் ஹிந்துஸ்தானியில் உருதுச் சொற்கள் அதிகம் என்று ஹிந்தி சாகித்ய சம்மேளனத்தார் கிளர்ச்சி செய்தார்கள். ரேடியோவைப் பகிஷ்காரம் செய்யவும் கிளம்பினார்கள். தங்களுக்குப் புரியாத மொழி தங்கள் பெட்டியில் கேட்டபோது அவர்கள் என்ன செய்தார்களோ, அதைத்தானே நாமும் செய்கிறோம்? அவர்கள் செய்தால் பாஷாபிமானம், நாம் செய்தால் துவேஷமா?

இசையிலும் இதே கதைதான். 1941இல் பக்கத்து அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடி, ரேடியோவில் தமிழ்ப் பாட்டுப் பாடு என்று கேட்கவேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் தமிழில் பாடு என்று தீர்மானம் போட்ட ஒரே ஜாதி உலகத்தில் நாமாகத்தான் இருப்போம். பிறகு 1952இல் கேஸ்கர் என்ற மந்திரி, சினிமாப் பாட்டு மட்டம் என்று ரேடியோவை விட்டு ஓட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். மயில்வாகனன் குரல் இங்கே டீக்கடை தோறும் கேட்டது. இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணம் கப்பலேறி இலங்கைக்குப் போயிற்று. பயந்துபோய் 1957இல் விவிதபாரதி ஆரம்பித்தார்கள். 1967இல் அதில் விளம்பரமும் வாங்கத் தொடங்கினார்கள். கேட்கிறவனைக் கேட்காமல் நடத்தினால் காசும் போகும், காதும் போகும்.

கொழும்பைச் சொன்னதால் அங்கத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறோம். கொழும்புதான் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1967 முதல் பெயருக்குக் கார்ப்பொரேஷன். நடப்பது மந்திரி பார்வையில். சிங்களம், தமிழ் இரண்டும் ஒரே கூரைக்குள் இருந்தும், கூரையின் சாவி எப்போதும் ஒரு பக்கத்தில்தான். ஆனாலும் 1996இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஒரு கல்வி நிகழ்ச்சியைக் கூட்டுத்தாபனம் திடீரென்று நிறுத்திவிட, அதில் பங்குகொண்டு வந்த ஒரு நேயர் வழக்குப் போட்டார். நேயருடைய பேச்சுரிமை இதில் பறிபோயிற்று என்று கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இங்கே ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால் நாம் கோர்ட்டுக்குப் போகவேண்டாம். நிலையத்துக்கு ஒரு கடிதமாவது எழுதுகிறோமா?

வேறு தேசத்தார் எப்படி நடத்துகிறார்கள்? சுவிட்ஸர்லாந்து என்ற சிறு நாட்டில் நாலு மொழி. ரேடியோ, டெலிவிஷனுக்கு வீட்டுக்கு வருஷம் 335 பிராங்கு கட்டுகிறார்கள். பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசுகிறவர்கள். பணத்தில் பெரும் பகுதி அவர்களுடையது. இத்தாலியன் பேசுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தாலிய நிலையத்துக்குப் போகிறது. செய்தி சேகரிக்கவும், நாடகம் போடவும் சிறு மொழிக்கும் பெரிய மொழி அளவு செலவாகுமே என்பது அவர்கள் கணக்கு. 2018இல் இந்தக் கட்டணத்தையே ஒழிப்பதா என்று ஜனங்களிடம் வோட்டுக்கு விட்டார்கள்; நூற்றுக்கு 71 பேருக்கு மேல் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். பெரும்பான்மை மொழிக்காரன் தன் காசில் சிறுபான்மை மொழியை வளர்ப்பது அங்கே. சிறுபான்மை என்று சொல்லப்படுகிறவன் காசில் பெரும்பான்மை மொழியை வளர்ப்பது இங்கே.

ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லரும் கோயபல்சும் ரேடியோவை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதை அனுபவித்தவர்கள் அவர்கள். யுத்தம் முடிந்ததும், ஒலிபரப்பு மத்திய சர்க்காரிடம் இருக்கவே கூடாது, மாகாணங்களிடம்தான் இருக்கவேண்டும் என்று வைத்தார்கள். அடினாயர் என்ற பிரதமர் மத்தியில் ஒரு டெலிவிஷன் தொடங்கப் பார்த்தார். 1961இல் கோர்ட்டு அதைச் செல்லாதென்று அடித்துத் தள்ளிற்று. கட்டணம் எவ்வளவு என்பதையும் மந்திரி இஷ்டத்துக்கு விடாமல், ஒரு தனிக் கமிஷன் கணக்குப் பார்த்துச் சொல்லுகிறது. நாமும் ஏன் அப்படிக் கேட்கக்கூடாது? ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே லைசென்சு வேண்டாம். வரியிலேயே இத்தனை பங்கு ஒலிபரப்புக்கு என்று சட்டத்தில் எழுதிவிட்டு, மந்திரி தொட முடியாதபடி ஒரு கமிஷன் அதைப் பங்கிடட்டும். தமிழ்நாட்டு நிலையங்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நிர்வாக சபை இருக்கட்டும். அதில் விவசாயிகளுக்கும், தொழிலாளிகளுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும் இடம் இருக்கட்டும். சபா வித்துவான்களும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் மட்டும் உட்கார்ந்தால் போதாது.

தமிழ்நாட்டுச் சர்க்காரிடமே கொடுத்துவிடலாமே என்று சில தோழர்கள் நினைக்கலாம். அதையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. நம்மவர்கள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இந்நாட்டில் கட்சிக்கு ஒரு டெலிவிஷன் இருக்கிறது. ஒன்றில் வெற்றி என்று காட்டுவதை மற்றொன்றில் தோல்வி என்று காட்டுகிறார்கள். ஒரே கூட்டத்துக்கு ஒன்றில் லட்சம் பேர், மற்றொன்றில் காலி நாற்காலி. ரேடியோவையும் இங்கத்து மந்திரிகளிடம் கொடுத்தால், தில்லி மந்திரியின் பிறந்தநாளுக்குப் பதில் சென்னை மந்திரியின் பிறந்தநாள் கேட்போம், வேறென்ன? 2017 சுதந்திர தினத்தில் திரிபுரா முதல் மந்திரியின் பேச்சை, மாற்றிக் கொடுத்தால்தான் போடுவோம் என்று சொல்லி ஒலிபரப்பாமல் விட்டார்கள். 2014இல் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமிப் பேச்சை நேரடியாகக் காட்டினார்கள். இந்தக் காரியங்களை எந்த ஊர் மந்திரியும் செய்யமுடியாதபடிதான் நாம் கேட்கவேண்டும்.

ரேடியோ உருப்படியாய் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. திருச்சி நிலையத்தில் 1966இல் பண்ணை ஒலிபரப்புப் பிரிவு வந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகியகால நெல்லைப் பற்றி, விதை நேர்த்தி முதல் உரம் போடுவதுவரை, வயலில் பேசுகிற தமிழில் சொன்னார்கள். தஞ்சாவூர்க் குடியானவர்கள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பேர் வைத்தார்கள். எழுத்து வாசனை இல்லாதவன் காதால் கேட்டு விவசாயத்தை மாற்றினான். தமிழில் சொன்னதால்தானே கேட்டான்? அதையே ஹிந்தியில் சொல்லித் தமிழில் ஒரு தடவை மொழிபெயர்த்திருந்தால் நெல் முளைத்திருக்குமா? 2014 அக்டோபர் முதல் பிரதம மந்திரியின் மாதப் பேச்சு அப்படித்தான் வருகிறது. முதலில் ஹிந்தி, பிறகு தமிழ். பந்தியில்கூட இரண்டாம் பந்திதான் நமக்கு.

தலைவர் கையில் இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன.

“இந்தக் காலத்தில் ரேடியோவை யார் கேட்கிறார்கள்? எல்லாம் செல்போனில் வருகிறதே?” என்று ஒரு தோழர் கேட்கிறார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, இந்த மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் செல்போனும் டெலிவிஷனும் எத்தனை நாள் பேசும்? பாட்டரி போட்ட ரேடியோதான் பேசும். அதிலும் செய்தி சொல்லத் தனியார் எப்.எம்.களுக்கு உரிமை இல்லை. சர்க்கார் ரேடியோவின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். நாட்டில் ரேடியோச் செய்திக்கு ஒரே கடை. அந்தக் கடையின் தராசைப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்கிறாரா தோழர்?

மற்றொரு சீட்டு: “வடநாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்து இங்கே கட்டட வேலையிலும் ஆலைகளிலும் உழைக்கிறார்களே, அவர்களுக்கு ஹிந்தி வேண்டாமா?” மிகவும் நியாயமான கேள்வி. அவர்களும் நம்மைப்போல் உழைத்து வயிறு கழுவுகிற ஜனங்கள். அவர்கள் பேரில் நமக்கு விரோதமில்லை. அவர்களில் பலருக்கு போஜ்புரி, மைதிலி, ஒரியா, வங்காளி என்று சொந்த மொழி வேறே இருக்கிறது. அதுவும் ஹிந்திக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. கூலிச் சட்டம் என்ன, ஆஸ்பத்திரி எங்கே, புயல் வருமா என்று அவர்களுக்கு அவர்கள் மொழியில் திருச்சி நிலையம் தினம் அரைமணி நேரம் சொல்லட்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, இங்கே இருக்கிற சபை அதை முடிவு செய்யட்டும். அந்த அரைமணிக்கு ஆகும் செலவுக்கு நாமே முதலில் கை தூக்குவோம்.